சிரிக்கச் சொன்ன பாதி

12

வெள்ளிக்கிழமை காலை. இடியப்பத்தை அவிய வைத்துவிட்டு, சொதிக்குப் பால் விட மறந்து நின்றாள் கௌசி.

நேற்றுப் பின்னேரம் அந்த ஸ்ருடியோவில் சிரித்த சிரிப்பு இன்னும் வாயின் ஓரத்தில் ஒட்டியிருப்பது போல இருந்தது. முகம் கழுவியும் போகவில்லை.

றெமிஜியஸ் அண்ணை கனடாவில், ரூஜ் பகுதியில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் அவருடைய நகைச்சுவை மேடை. ஊரிலிருந்து வரும் கலைஞர்களை ஹோட்டலில் விடும் வழக்கம் இங்கே இல்லை. யாராவது ஒரு ரசிகர் வீட்டில்தான் நிற்பார்கள். கௌசி முந்திக்கொண்டு கேட்டு வாங்கினாள். சின்ன வயதில் பங்கருக்குள் இருந்து அவருடைய கசெட்டைக் கேட்டு, வெளியே விழுவது என்னவென்று மறந்து சிரித்தவள் அவள். அந்தக் குரல் தன் வீட்டில் 'தங்கச்சி, தேத்தண்ணி' என்று கேட்கப்போகிறது என்பதே போதுமாக இருந்தது.

ஆனால் அண்ணைக்கு முழங்கால் மடங்காது. படி ஏறமாட்டார். மெயின் ஃப்ளோரில் குளியலறையோடு இருந்த ஒரே அறை மாமாவுடையது.

"என்ர அறையைக் குடு பிள்ளை" என்று மாமனார் அமிர்தநாதர்தான் முதலில் சொன்னார். வேண்டாம் மாமா என்று அவள் ஒருதரம் ஒப்புக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுபத்தொன்பது வயது மனிதர், தலையணையையும் இறந்துபோன மனைவி மரியம்மாவின் படத்தையும் எடுத்துக்கொண்டு பேஸ்மென்ருக்கு இறங்கிப் போனார்.

அதுதான் முதல் பிழை என்று நேற்று வரைக்கும் நினைத்திருந்தாள்.

இப்போது பேஸ்மென்ற் படியில் அவருடைய காலடி கேட்டது. ஒரு படி, பிறகு ஒரு நிற்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார். கௌசி அவசரமாகப் பாலை விட்டாள்.

"றெமி அண்ணை எழும்பிட்டாரோ?"

தன்னைவிட ஏழு வயது குறைந்த ஒருவரை மாமா அண்ணை என்கிறார். ரசிகர்களுக்கு வயதுக் கணக்குக் கிடையாது.

"குளிக்கிறார் மாமா. இருங்கோ."

அவர் இருக்கவில்லை. குசினி வாசலில் நின்றபடியே இரவு நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று கேட்டார். நேற்றும் கேட்டதுதான். பத்து மணிக்கு என்றாள். 'உறங்க முன்' என்கிற அந்த நேர்காணலைத் தவறவிடாத மனிதர் அவர். கோயிலில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறாராம். நம்முடைய வீட்டில் நிற்கிறவர் ரீவியில் வருகிறார் என்று.

"அனோஜாப் பிள்ளைக்கும் சொன்னனான். அது என்னைத் தன்ர வீட்டை வரச் சொல்லுது. சேந்திருந்து பாப்பமாம். பின்னேரம் கொண்டுபோய் விடுறியே?"

கௌசியின் கையிலிருந்த கரண்டி சட்டியின் விளிம்பில் இடித்தது.

"ஓம் மாமா" என்றாள்.

அந்த நேரம் மாடியிலிருந்து மகள் நடாஷா ஒற்றைக் காலில் சப்பாத்தைக் கொழுவியபடி இறங்கி வந்தாள். பதினேழு வயது. பஸ்ஸுக்கு நேரம் போய்விட்டது.

"அப்பப்பா, அம்மாவும் ரீவியில வாறா, தெரியுமோ? கமெரா அவவை ஸூம் பண்ணினதாம். ஷீ வாஸ் லாஃபிங் லைக் கிரேஸி."

"அப்பிடியே?" என்று மாமா சந்தோசப்பட்டார். "அப்ப கட்டாயம் பாக்கத்தான் வேணும்."

*

நடந்தது இதுதான்.

போன மாசியில் மாமாவின் பழைய சிநேகிதர் சீமோன் இறந்து போனார். பியூனரல் ஹோமில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். வாசலில் மாமாவை இறக்கிவிட்டு, கௌசி காரை நிறுத்தப் போனாள். அன்றைக்கு அங்கே இரண்டு தமிழ்ச் செத்தவீடுகள். இரண்டும் வேதக்காரருடையவை. இரண்டு அறையிலும் செபமாலை நடந்துகொண்டிருந்தது.

வெளியே உறைகிற குளிர். உள்ளே போனதும் மாமாவின் கண்ணாடி ஆவி படிந்து புகார் பிடித்துவிட்டது. கழற்றி மேலங்கிப் பைக்குள் வைத்தார். மேலங்கியை யாரோ வாங்கிக் கொழுவினார்கள். செபமாலைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நேராகப் பெட்டியடிக்குப் போனார். போய் அழுதார். அவர் அழுத அழுகையைப் பார்த்து, "ஐயா, இரண்டு வார்த்தை சொல்லுங்கோ" என்று மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

கௌசி சீமோனுடைய அறையில் மாமாவைத் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறை ஒலிபெருக்கியில் அவருடைய குரல் கேட்டது. தன் நண்பன் கோயில் பாடகர் குழுவில் எப்படிப் பாடுவான் என்றும், நத்தார் இரவில் அவன் குரலுக்காகவே சனம் நேரத்தோடு வந்து வாங்கில் இடம் பிடிக்கும் என்றும் அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் கிடந்த மனிதரோ வாழ்நாளில் ஒரு வரி பாடியவரல்ல. அவருடைய மகள்தான் அனோஜா. வெளிக்கிடும்போது மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அப்பா பாடுவாரெண்டு எங்களுக்குத் தெரியவே தெரியாது ஐயா. ஒருநாளும் சொன்னதில்லை" என்று அழுதாள். மாமா தலையை ஆட்டினார். முப்பத்தோராம் நாளுக்கு அழைத்தாள். போனார். பிறகு மாதம் ஒருதரம் தேத்தண்ணிக்குப் போகிறார். ஒவ்வொரு முறையும் அவள் கேட்கிறாள், அப்பா வேறு என்ன பாட்டுப் பாடுவார் என்று.

அன்றைக்குக் காரில் வரும்போது மாமாவே முதலில் சிரித்தார். கௌசியும் சிரித்தாள். ஸ்ரியறிங்கைப் பிடிக்க முடியாத சிரிப்பு. சிரிப்பு அடங்கிய பிறகுதான் மற்றதைச் சொன்னார்.

"பாதியில எனக்குத் தெரிஞ்சிட்டுது பிள்ளை. கிட்டக் குனிஞ்சு பாத்தனான். சீமோன் இல்லை. ஆனா நிப்பாட்டேலாமல் போச்சு. மரியான்ர செத்தவீட்டில நான் அழேல்ல. வந்த ஆக்களை இருத்துறதும் தேத்தண்ணி குடுக்கிறதுமாப் போட்டுது. அந்த அழுகைதான் அங்க போய் வந்தது."

பிறகு, "அன்ட்ரூவுக்குச் சொல்லாதை" என்றார்.

தன் சொந்த மகனுக்குச் சொல்லாததை அவர் அவளுக்குச் சொன்னார். அன்ட்ரூ லொறியோடு கிழமைக்கணக்கில் வின்னிபெக் பக்கம் போய்விடுகிறவன். இந்த வீட்டில் மாமாவுக்கும் அவளுக்கும் இடையே இருந்த பேச்சுத்தான் பேச்சு. சைவப் பெண்ணை மகன் கட்டப்போகிறான் என்று மரியம்மா மூன்று மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்த காலத்திலும் அவளோடு கதைத்தவர் அவர் ஒருவர்தான்.

அன்ட்ரூவுக்கு அவள் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் றெமிஜியஸ் அண்ணைக்குச் சொன்னாள்.

ஏன் சொன்னாள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். மேடையில் சனத்தை உருட்டிப் பிரட்டிச் சிரிக்க வைக்கிற மனிதர், வீட்டில் ஒன்றும் பேசாமல் புட்டைக் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். களைத்த முகம். சாயம் போட்ட தலைமயிரின் அடியில் வெள்ளை தெரிந்தது. அவரைச் சிரிக்க வைக்க வேண்டும் போல இருந்தது. இத்தனை வருசம் அவர் தந்ததற்கு ஒரே ஒருதரம் தான் ஏதாவது திருப்பிக் கொடுத்தது போல. மாமா கீழே படுத்துவிட்டார். அவள் கதையைத் தொடங்கினாள்.

சிரிக்கிற பாதியை மட்டும்தான் சொன்னாள். மற்றப் பாதியைச் சொன்னால் சிரிப்பு வராது என்று தெரிந்து, வேணுமென்றே நிறுத்தினாள்.

அண்ணை சிரித்தார். கையால் மேசையில் குத்திக் குத்திச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பரிசு வாங்கியது போல இருந்தது. அன்றிரவு அந்தச் சந்தோசத்தோடு தூங்கினாள்.

நேற்று ஸ்ருடியோவில், நிகழ்ச்சி நடத்துகிற நிசாந்தன், கனடா எப்படி இருக்கிறது என்று கேட்டான். அண்ணை கதிரையில் முன்னுக்கு வந்து, "நான் நிக்கிற வீட்டில ஒரு ஐயா இருக்கிறார்" என்று தொடங்கினார். பெயர் சொல்லவில்லை. மற்றது எல்லாம் சொன்னார். பாடத் தெரியாத மனுசனைப் பாடகனாக்கிப்போட்டு வந்திருக்கிறார் ஐயா என்று முடித்தபோது ஸ்ருடியோ அதிர்ந்தது. கமெரா அவளிடம் திரும்பியது. எல்லாரும் சிரிக்கும்போது அவளும் சிரித்தாள்.

இன்றிரவு பத்து மணிக்கு அதை அனோஜா பார்ப்பாள். பக்கத்தில் மாமா இருப்பார்.

*

நிசாந்தன் மூன்றாவது அழைப்பில்தான் எடுத்தான். நன்றாகப் பழகுகிற பொடியன்தான். ஆனால் அந்தக் கதையை வெட்டச் சொன்னதும் குரல் மாறியது. அதுதானாம் முழு நிகழ்ச்சியிலும் நல்ல இடம். மதியத்துக்குப் பிறகு எதையும் தொட முடியாதாம். யார் கேட்டாலும் வெட்டத் தொடங்கினால் தன்னுடைய நிகழ்ச்சியில் வணக்கமும் நன்றியும்தான் மிஞ்சும் என்று சிரித்தான். கௌசி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான்.

"அக்கா, நீங்கள் சொல்லி நான் வெட்டேலாது. சொன்னவர் சொல்லோணும். அண்ணை எடுத்து ஒரு சொல்லுச் சொன்னா வெட்டுறன்."

அவள் தேத்தண்ணியோடு போய் அறைக் கதவைத் தட்டினாள்.

றெமிஜியஸ் அண்ணை, மாமாவின் கட்டிலில் இருந்தபடி முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். சுவரில் மரியம்மாவின் படம் இருந்த இடம் மட்டும் வெளிறிய சதுரமாகத் தெரிந்தது. அவள் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வெட்டுங்கோ என்றால் ஏன் என்று கேட்பார். கலைஞருக்கு அது கோபமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஒரே வீட்டில் முகம் பார்க்க வேண்டும். ஆகவே காரணத்தை முதலில் சொன்னாள். அனோஜாவைச் சொன்னாள். மாமா அங்கே தேத்தண்ணிக்குப் போவதைச் சொன்னாள். அதுவும் போதாது போல இருந்தது. காரில் வைத்து மாமா சொன்னதையும் சொன்னாள், மரியம்மாவுக்கு வராத அழுகையை, ஒரு சொல் விடாமல்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் பூசிய கை முழங்காலிலேயே நின்றுவிட்டது. சிரிக்க வைக்கிற முகம் என்று உலகத்துக்குத் தெரிந்த அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

"போனைத் தாரும்" என்றார்.

நிசாந்தனோடு அவர் பேசியது அரை நிமிடம்கூட இருக்காது. "தம்பி, அந்தச் செத்தவீட்டுக் கதை வேண்டாம். வெட்டிவிடும். ஓம். காரணம் ஒண்டுமில்லை, எனக்குப் பிடிக்கேல்ல." அவ்வளவுதான். அவள் பயந்த கோபம் வரவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு இப்ப புதுசா ஒண்டும் வாறேல்லத் தங்கச்சி. போய் நிக்கிற வீடுகளில கேக்கிறதுதான். அதை உருட்டி எடுத்துத்தான் மேடையில விடுறன். உதெல்லாம் ஊரில எல்லாருக்கும் தெரியும், உமக்கும் தெரியுமெண்டு நினைச்சன். நீர் அண்டைக்குச் சொல்லேக்க உம்மட முகத்தைப் பாத்தனான். எனக்கெண்டு எடுத்துத் தாற ஆளின்ர முகம்."

அது உண்மை.

"இன்னொண்டு. நீர் வெட்டுங்கோ எண்டு மட்டும் சொல்லியிருந்தாலே நான் வெட்டியிருப்பன். மற்றதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை." தேத்தண்ணியை எடுத்துக் குடிக்காமல் திரும்ப வைத்தார். "இனி நான் அந்த மனுசனோட ஒரு மேசையில இருந்து சாப்பிடவேணும்."

*

மதியம் நிசாந்தன் செய்தி அனுப்பினான். வெட்டியாயிற்று. அவள் சிரித்த காட்சியும் கூடவே போய்விட்டது.

நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். உடுப்புத் தோய்த்தாள். குசினி மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஸ்ருடியோவில் இருந்த சனம் மறந்துவிடும். மாமாவுக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சொல்லி அவர் மனதை ஏன் நோகடிக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நல்ல காரணமாகத்தான் இருந்தது. அந்த நல்ல காரணம் யாருக்கு வசதியானது என்பதும் கூடவே தெரிந்தது.

பின்னேரம் மாமா வெளிக்கிட்டு வந்தார். ஸ்திரி போட்ட சேட்டு. தலைக்கு எண்ணெய். அனோஜாவுக்கு என்று ஒரு பெட்டி பயத்தம் பணியாரம். அண்ணை அறைக்குள்ளேயே இருந்தார். காலுக்கு ஓய்வு வேண்டுமாம். மாமா கதவடியில் நின்று, "அண்ணை, இரவைக்குப் பாக்கிறன், கலக்கிறியள்" என்று சொல்லிவிட்டு வந்தார். உள்ளேயிருந்து ஒரு செருமல் மட்டும் வந்தது.

காரில் ஏறியதும் மாமாவுக்குப் பேச்சு வந்தது. பேஸ்மென்ரில் படுப்பது ஒரு விதத்தில் நல்லது, ஹீற்றர் சத்தத்தில் தன்னுடைய குறட்டை தனக்கே கேட்பதில்லை என்றார். அவளைத் தேற்றத்தான் சொல்கிறார். அது அவளுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

மோர்னிங்சைட் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்கு.

"பிள்ளை" என்றார். குரலைத் தாழ்த்தினார். காருக்குள் இவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. "உன்னட்டை ஒரு விசயம் சொல்லோணும். கொஞ்ச நாளா யோசிச்சு வைச்சிருக்கிறன். அன்ட்ரூவுக்கு இப்ப சொல்லாதை. நேரம் வரேக்க நானே..."

"மாமா, எனக்குச் சொல்லாதையுங்கோ."

அவர் திரும்பிப் பார்த்தார். விளக்குப் பச்சையாகி, பின்னாலிருந்த கார் ஹோர்ன் அடித்தது. கௌசி சந்தியைக் கடந்து, முதலில் தெரிந்த பிளாஸாவுக்குள் திருப்பி, மரக்கறிக் கடைக்கு முன்னால் நிறுத்தினாள்.

சொன்னாள். செவ்வாய்க்கிழமை மேசையிலிருந்து தொடங்கினாள். ஸ்ருடியோவைச் சொன்னாள். கமெரா திரும்பியதையும் தான் சிரித்ததையும் சொன்னாள். இன்றிரவு அது வராது, அண்ணை வெட்டச் சொல்லிவிட்டார் என்பதைக் கடைசியில் சொன்னாள். அதை முதலில் சொல்லியிருந்தால் தனக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்பதால்தான் கடைசிக்கு வைத்தாள்.

மாமா முன்கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரன் கீரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். தெளித்து முடித்து உள்ளே போய்விட்டான்.

"றெமி அண்ணை சிரிச்சவரோ?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"நீ சொல்லேக்க. சிரிச்சவரோ?"

"ஓம் மாமா."

"நல்லாவோ?"

"மேசையில குத்திக் குத்திச் சிரிச்சவர்."

மாமாவின் வாய் ஒரு பக்கம் மெல்ல இழுபட்டது. அவரும் இத்தனை வருசம் அந்த மனிதரைக் கேட்டுச் சிரித்தவர்தானே. ஒரு கணம், இதோடு போய்விட்டது என்று அவள் நினைத்துவிட்டாள். அப்படி நினைத்ததற்காகப் பிறகு நெடுநேரம் வெட்கப்பட்டாள்.

"மரியான்ர கதை?" என்றார். "அதைச் சொல்லேல்லைத்தானே?"

பொய் சொல்ல இடம் இருந்தது. அண்ணை வாயைத் திறக்கமாட்டார்.

"அண்டைக்குச் சொல்லேல்ல மாமா. இண்டைக்குக் காலமை... வெட்டச் சொல்லிக் கேக்கப் போனனான். அப்ப சொல்லிப்போட்டன்."

பணியாரப் பெட்டியின் மூடியை அவர் திறந்தார். உள்ளே ஒன்றையும் எடுக்கவில்லை. மறுபடி மூடி, நாலு பக்கமும் அழுத்திச் சரி பார்த்தார்.

"அப்ப முழுக்கச் சொல்லியாச்சு."

கோபம் இருந்திருந்தால் அவள் அழுதிருப்பாள். அவர் ஒரு கணக்கு முடிந்ததைப் போலச் சொன்னார்.

"மாமா..."

"அவரில பிழையில்லை. அவற்ற தொழில் அது." பெட்டியை மடியில் நேராக்கினார். "காரை எடு. அந்தப் பிள்ளை பாத்துக்கொண்டிருக்கும்."

காரை எடுத்தாள். வழமையாக அவர் ஒவ்வொரு சந்தியிலும் ஏதாவது சொல்லுவார். இந்தக் கடை முந்தி என்ன கடையாக இருந்தது, அந்த அப்பாட்மென்ரில் யார் இருந்தார்கள் என்று. இன்றைக்கு எல்லாச் சந்தியும் வெறும் சந்தியாகக் கடந்து போயின.

அனோஜாவின் ரவுன்ஹவுஸ் வீட்டு வாசலில் நிறுத்தினாள். சீற்பெல்ற்றை எப்போதும் அவள்தான் கழற்றிவிடுவாள். அவருடைய விரலுக்குப் பிடி போதாது. இன்றைக்கு அவள் கை நீட்டுவதற்குள் அவரே தேடிப் பிடித்து அழுத்தினார். முதலில் கழலவில்லை. மறுபடியும் அழுத்தினார்.

"என்ன சொல்ல வந்தனீங்கள் மாமா? அந்தச் சந்தியில?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். சொல்லலாமா என்று நிறுத்துப் பார்க்கிற முகம். இருபது வருசத்தில் தன்னைப் பார்த்து அந்த முகம் வந்து அவள் கண்டதில்லை.

"கிடக்கட்டும் பிள்ளை. நீ போ. அனோஜா கொண்டுவந்து விடும்."

கதவைச் சாத்திவிட்டு, பனி விழுமுன் காய்ந்துபோன புல்லைக் கடந்து மெதுவாக நடந்தார். அனோஜா மணி அடிக்கமுன்பே கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தன் அப்பாவின் சிநேகிதர் வருகிறார் என்று முகமெல்லாம் மலர்ச்சி. காரைப் பார்த்துக் கையசைத்து, உள்ளே வரும்படி கௌசிக்குச் சைகை காட்டினாள். கௌசி மாட்டேன் என்று தலையாட்டினாள்.

உடனே புறப்பட முடியவில்லை. முன்னறைத் திரை விலகியிருந்தது. வெளிச்சத்தில் உள்ளே இருப்பது எல்லாம் தெரிந்தது. அனோஜா சோபாவில் தலையணையை ஒதுக்கி அவருக்கு இடம் செய்தாள். மாமா இருக்கவில்லை. பணியாரப் பெட்டியைக் கொடுத்தார். பிறகு, நின்றபடியே எதையோ சொல்லத் தொடங்கினார்.

சிரித்துக்கொண்டு கேட்டவளின் முகம் மெல்ல மாறியது. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி, அவருக்கென்று செய்த இடத்தில் அவளே இருந்துவிட்டாள்.

பாடத் தெரியாத அப்பாவைப் பற்றிச் சொல்கிறாரா, சந்தியில் சொல்ல வந்த அந்த விசயத்தையா? காருக்குள் இருந்து கௌசிக்குக் கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும், அதை முதலில் கேட்கிறவள் இப்போது அனோஜாதான்.